பால் டின் அலமாரிக்குப் போட்ட பூட்டு

சபையில் எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். ஒரு நோய் என்னை மூன்று வருடம் பொய்க்காரனாக்கி வைத்திருந்தது. அதில் ஆண்டவர் எனக்குக் கொடுத்த பதிலைத்தான் சொல்லப் போகிறேன்.

1976-இல் எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட் ஏற்றிப் போன லாரி பண்டார் பாரு பக்கம் கவிழ்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தொடை எலும்பு முறிந்து ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தேன். வீடு வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் கண் மஞ்சளாகிவிட்டது. காமாலை என்றால் நம் ஜனங்களுக்குக் கீழாநெல்லியும் கரும்புச் சாறும்தானே? சபையார் முறை வைத்துக்கொண்டு தினமும் சாறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படி ஓர் அன்பு. மஞ்சள் இறங்கியது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம்.

1980-இல் எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. தோட்டத்து மருந்தகத்தில் வாரா வாரம் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. எனக்கு ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறம். இன்சுலின் ஊசி இருபது யூனிட்டில் ஆரம்பித்து எண்பதைத் தாண்டியது. நிறம் மட்டும் மாறவில்லை. ஒருநாள் மருந்துக்கு நின்ற வரிசை முழுக்கக் கேட்கும்படி, மருந்து கொடுக்கும் டிரஸர் சத்தம் போட்டார்.

"ஏன்யா சாமுவேலு, ஒளிச்சு வச்சுத் திங்கிறியா? இவ்வளவு மருந்துக்கு ஒரு யானைக்கே இறங்கியிருக்கும்!"

வரிசையே சிரித்தது. நான் வீட்டில் சீனி போடாத கடுங்காப்பி குடித்து, அளந்த சோறு தின்றுகொண்டிருந்தேன். யாரிடம் சொல்ல?

சபையிலும் பேச்சு வந்தது. "காமாலைக்குச் சாறு குடிச்சு ருசி கண்டுட்டாருலா. நாக்கு விடமாட்டேங்குது." ஒருநாள் பாக்கார் ஆராங் கடைத்தெருவில் கரும்புச் சாற்றுக் கடை ஓரம் மழைக்கு ஒதுங்கி நின்றேன். அதையும் யாரோ பார்த்துவிட்டார்கள். நான் வீடு வந்து சேர்வதற்குள் பேச்சு வீட்டுக்கு எட்டிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அன்று மாலை என் மனைவி எஸ்தர், சீனியும் இனிப்புப் பால் டின்னும் இருந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள். சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

"ஏன் எஸ்தர், நான் என்ன திருடனா?"

"நீங்க செத்துட்டா நான் என்னங்க செய்வேன்?" என்று அழுதாள்.

அவள் பயந்துதான் பூட்டினாள். தெரியும். இருந்தாலும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட உட்காரும்போது சோறு இறங்காது. ஒரே வீட்டில், ஒரே பாயில், நான் தனியாக இருந்தேன். நண்பர்கள் டீக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எனக்கும் ரோஷம் அதிகம். நானும் போகவில்லை.

ஷீட் காயப்போடும் புகைக்கூடத்தில் எனக்கு வேலை. உள்ளே ஆள் வரமாட்டார்கள். அங்கே கண்ணெரிச்சலோடு மண்டியிட்டு ஜெபிப்பேன். முதலில் சுகம் கேட்டேன். பிறகு கேட்பதை மாற்றிக்கொண்டேன். "ஆண்டவரே, சுகம் தராவிட்டாலும் பரவாயில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று ஒரே ஒரு ஆள் நம்பட்டும். அது எஸ்தராக இருக்கட்டும்."

1983-இல் காலில் புண் ஆறாமல் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வார்டு சாப்பாடுதான். வெளிச் சாப்பாடு கூடாது. ஒன்பது நாள் ஆகியும் சர்க்கரை இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் பஸ் பிடித்து வந்தாள். வந்ததும் என் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்து அலமாரியைத் திறந்து பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார். நம் தமிழ்ப் பெண்தான்.

"என்னம்மா தேடுறீங்க?"

"இனிப்பு ஏதும் வச்சிருக்காரான்னு பாக்கிறேன் டாக்டர்."

டாக்டரம்மா என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா, அதன் பிறகு காமாலை வந்ததா என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். அவர் எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரரு பொய் சொல்லலைம்மா. இங்க நாங்க குடுக்கிறதைத்தான் சாப்பிடுறாரு. ஏத்துன ரத்தத்தோட ஏதோ ஒரு கிருமி வந்து ஈரல்ல உக்காந்திருக்கணும். அதுக்கு இன்னும் பேருகூட வைக்கல. ஈரல் கெட்டா உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாது. எத்தனை ஊசி போட்டாலும் சர்க்கரை இறங்காது. அவரு மேல குத்தம் இல்ல."

எஸ்தர் கட்டிலோரம் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டது கேட்டபடியே, நான் பெயர் சொல்லிக் கேட்ட எஸ்தரே நம்பும்படி கிடைத்தது. வாய்விட்டு அழுதேன்.

வீடு வந்த அன்று அவள் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து, பூட்டைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குப் போட்டாள். "இனி கோழியைத்தாங்க சந்தேகப்படணும்," என்றாள். மூன்று வருடம் ஆகிவிட்டதே நாங்கள் சேர்ந்து சிரித்து என்று அப்போதுதான் தோன்றியது.

சில வருடம் கழித்து அந்தக் கிருமிக்கு ஹெப்படைட்டிஸ் சி என்று பெயர் வைத்தார்கள். எனக்குச் சர்க்கரை போகவில்லை. ஊசியும் நிற்கவில்லை. புண் மட்டும் ஆறியது. ஆனாலும் என் ஜெபம் கேட்கப்பட்டது என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அந்த நோய் வருமுன், ஈரல் கெட்டு வயிறு வீங்கியவனைக் கண்டால் "குடிகாரன்" என்று முதலில் சொல்கிற ஆள் நான்தான். இன்று நோயாளி வீட்டுக்குப் போனால், "என்ன தின்னே?" என்று கேட்பதில்லை. பக்கத்தில் உட்காருகிறேன்.

யாரும் நம்பாமல் தனியே கிடக்கிற சகோதரனே, சகோதரியே, உங்களுக்குள் இருப்பதை அவர் அறிவார். அவரிடம் கேளுங்கள். மற்றவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் ஒருவர் "நான் செய்யவில்லை" என்று சொன்னால், பூட்டைத் தேடுவதற்கு முன் ஒருநாள் நம்பிப் பாருங்கள். அவர் புகைக்குள் மண்டியிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது உங்களைத்தானோ என்னவோ.