பின்னால் வந்த கண்ணன்

வசந்தகுமாரிக்கு எதிலும் சாமிதான் முதலில். காலைக் காபியில் முதல் டம்ளர் பூஜை அலமாரிக்குப் போய் வந்த பிறகுதான் கணவர் ஸ்ரீனிவாசன் கைக்கு வரும். அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகிப் பல வருடங்கள் குழந்தை இல்லாமல், ஓமான் நாட்டுச் சோஹார் நகரத்து ஃபிளாட்டின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதாமாதம் அழுதவள் அவள். அப்போதுதான் அவளுடைய அம்மா திருச்சியிலிருந்து தவழும் கண்ணன் பொம்மை ஒன்றைக் கொலுவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள். அடுத்த கொலுவின்போது ஸ்வாதி வயிற்றில் இருந்தாள்.

அந்தக் கண்ணனை எதற்காவது பின்னால் வைக்க அவளுக்கு மனசு வருமா?

இந்த வருடம் நவராத்திரி நெருங்கும் நேரத்தில் ஸ்ரீனிவாசனுக்கு மஸ்கட் ஆபீசுக்கு மாற்றல். கட்டில், பீரோ எல்லாம் லாரியில் போய்விட்டன. கொலுச் சாமான்களையும் தன் வெட் கிரைண்டரையும் மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று நின்றாள் வசந்தகுமாரி. நண்பர் செய்கு அலாவுதீன் தன் சின்ன ட்ரெய்லரைக் கொடுத்தார். அதைத் தங்கள் சிறிய காரின் பின்னால் மாட்டினார்கள்.

"கனமானதை முன்னால தள்ளி வைக்கணும் வசந்தி. வால்பக்கம் கனம் இருந்தா ட்ரெய்லர் ஆடும்" என்றார் ஸ்ரீனிவாசன்.

"மாவாட்டுற கல்லு முன்னால போகும், என் கண்ணன் அதுக்குப் பின்னால போகணுமா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

அவள் கண் கலங்கியது. ஸ்ரீனிவாசன் விட்டுக்கொடுத்தார். காரை ஒட்டிய முன்பக்கத்தில் கண்ணனோடு கனமே இல்லாத காகிதக்கூழ் பொம்மைகள் ஏறின. வால்பக்கத்தில் கிரைண்டரும் இரும்புக் கொலுப்படிகளும்.

வழியில் சஹம் ஊரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. பின் சீட்டில் ஸ்வாதி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கண்டெய்னர் லாரி இடப்பக்கம் சீறிக்கொண்டு கடந்தது. அதன் காற்று மோதிய அடுத்த நொடி...

ட்ரெய்லர் இடது பக்கம் வீசியது. வலது பக்கம் வீசியது. ஒவ்வொரு வீச்சிலும் காரின் பின்பக்கத்தைப் பிடித்து உலுக்கியது. ஸ்வாதி உட்கார்ந்திருந்த பின்பக்கத்தை!

"அப்பா! வாட்ஸ் ஹேப்பனிங்? அப்பா!"

"பிரேக் போடுங்க!"

"போட்டா கவுந்துடும்டி!"

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தார். பின்னால் வந்த தண்ணீர் டேங்கரின் ஹாரன் அலறியது. வசந்தகுமாரி திரும்பி, கையை நீட்டி, மகளின் முழங்காலைப் பற்றினாள். அவள் வாயில் கண்ணன் பெயர் வரவில்லை. "ஸ்வாதி... ஸ்வாதி..." அது மட்டும்தான் வந்தது.

வேகம் குறைந்தது. ஆட்டம் அடங்கியது. கார் சாலையோர மண்ணில் போய் நின்றது.

ஸ்வாதியின் நெற்றி கண்ணாடியில் இடித்துப் புடைத்திருந்தது. வசந்தகுமாரி அதையே வெறித்தாள்.

"ஆடும்னு தெரிஞ்சுமா விட்டீங்க?"

"நீ அழுவியேன்னுதான்..."

"அழ விட்டிருக்கணும்! குழந்தையைப் பின்னால உட்கார வெச்சுக்கிட்டு எனக்கு விட்டுக்கொடுப்பீங்களா?"

ஸ்டியரிங்கிலிருந்து அவரால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

அவள் இறங்கித் தார்ப்பாயை அவிழ்த்தாள். கண்ணன் பெட்டியைத் திறந்தாள். ஒரு கீறல் இல்லை! வெண்ணெய் ஏந்திய கை, அதே சிரிப்பு. அவள் திரும்பி மகளின் நெற்றிப் புடைப்பைப் பார்த்தாள்.

மூவருமாகக் கிரைண்டரையும் படிகளையும் சக்கரத்துக்குச் சற்று முன்னால் நகர்த்தினார்கள்.

"கிரைண்டருக்குப் ப்ரமோஷனாம்மா?" என்றாள் ஸ்வாதி.

அம்மா சிரிக்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வால்பக்கம் போனாள்.

"நீ பின்னாலயே வாடா கண்ணா. நீ கொடுத்தவ முன்னால போகட்டும்."

இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பிறகு முன் சீட்டில் ஏறாமல், மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.