விரல் போன வழியே தண்ணீர்

நனைந்த கான்வாஸ் துணிக்கென்று ஒரு வாடை உண்டு. பழைய சாக்கு, மெழுகு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவைத்து, மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் விட்டால் வருமே, அந்த மாதிரி. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு மத்தியானத்தில், மணப்பாட்டுக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் நடுவே கடற்கரை மணலில் நாங்கள் நான்கு பேர் அந்த வாடைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை. உள்ளேயும் மழைதான், கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை. ஏறினால் பத்து மாதம், பதினொரு மாதம் கழித்துத்தான் இறங்குவார். அம்மா நாசரேத்தில் பள்ளிக்கூட டீச்சர். அப்பா இல்லாத வீடு எனக்குப் பழகியிருந்தது. அவர் வந்ததும் இரண்டு நாள் கூச்சப்பட்டுவிட்டு மூன்றாம் நாள் தோளில் தொங்கிவிடுவேன். தங்கை ஷீபாவால் அப்படி முடியவில்லை. அவளுக்கு அப்போது நான்கு வயது. அப்பா அந்த முறை பெட்டியோடு வந்து இறங்கியபோது கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மளிகைக்கடைக்காரருக்கும் அப்பாவைப் போலவே பெரிய மீசை; அவரை ஊரே ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடும். அவள் அப்பாவையும் ‘அண்ணாச்சி’ என்றாள். முதல் இரண்டு நாள் எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அம்மா திருத்திப் பார்த்தாள், மிட்டாய் தருவதாகச் சொன்னாள், அதட்டியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் காலை அப்பா பின்வாசல் குழாயடியில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அடுக்களையிலிருந்து ஷீபாவின் குரல் கணீரென்று வந்தது.

“எம்மா, அண்ணாச்சி அவிய வீட்டுக்கு எப்பம்மா போவாவ?”

அப்பாவின் கை நின்றுவிட்டது. ஒரு கன்னத்தில் நுரையோடு அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு மீதிக் கன்னத்தையும் மழித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, சாப்பிடாமலே வெளியே போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த டிரெய்லர் எங்கள் தெருவுக்கு வந்தது. ஓட்டப்பிடாரத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், அதை எங்கிருந்தோ வாங்கிப் போட்டிருந்தார். துறைமுக வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு என்ஜினீயர்கள் தங்கிவிட்டுப் போனதாம். இரண்டு சக்கரம், தகர உடம்பு, உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு பலகைப் படுக்கை. ஒரு பக்கத்தில் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டினால் இன்னொரு அறை மாதிரி ‘டென்ட்டு’ ஒன்று விரியும். மாமாவின் ஜீப்பில் பூட்டி அப்பா அதை இழுத்துக்கொண்டு வந்தபோது, தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அதற்குக் ‘கோழிக்கூண்டு’ என்று பேர் விழுந்துவிட்டது.

“மழைக்காலத்துல யாராவது கடற்கரையில போய்க் கெடப்பாவளா?” என்று அம்மா கேட்டாள்.

“இனி எங்க மழை பெய்யப் போகுது? நாலு பேரும் ஒரே எடத்துல ரெண்டு நாள் கெடந்தா எல்லாம் சரியாப் போகும்ளா” என்றார் அப்பா. எது சரியாகப் போகும் என்று அம்மா கேட்கவில்லை. அரிசியையும் சட்டிபானைகளையும் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

முதல் நாள் நன்றாகத்தான் கழிந்தது. ஷீபா அம்மாவோடு டிரெய்லருக்குள் படுத்தாள், அப்பா டென்ட்டில். அப்பாவிடம் ஏதாவது வேண்டுமென்றால் அவள் என் வழியாகத்தான் கேட்டாள். “எக்கா, அண்ணாச்சிட்ட அந்தப் பந்த எடுத்துத் தரச் சொல்லு” என்பாள், பந்து அவர் காலடியில் கிடக்க. அவரும் எடுத்து என்னிடம் கொடுப்பார்.

மறுநாள் மத்தியானம் சோறு வைத்து உட்கார்ந்தபோது, வானம் ஒரேயடியாக இருட்டிக்கொண்டு வந்து ஊற்றியது. முதல் சொட்டு மீன் குழம்பில் விழுந்தது. பாய், போர்வை, துணிமணி எல்லாவற்றையும் நனையாமலிருக்க டிரெய்லருக்குள் கூரை வரை திணித்துவிட்டதால் நாங்கள் உட்கார டென்ட்டு மட்டும்தான் மிச்சம்.

“விடு, இப்ப சரி பண்ணிருதேன்” என்று அப்பா எழுந்தார். கப்பலில் எத்தனையோ குழாய் ஒழுகலை அடைத்தவர். மிச்சமிருந்த கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்திகளை எடுத்துத் தையல் ஓரமாக அழுத்தித் தேய்த்தார். அங்கே நின்றது, ஒரு சாண் தள்ளி ஒழுகியது. சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினார். அது சிறிது நேரத்தில் உரிந்து அம்மாவின் தோளில் விழுந்தது. கூரைத்துணியில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டதைத் தடியால் முட்டிக் கொடுத்தபோது, மொத்தமும் டிரெய்லர் பக்கமாகச் சரிந்து, துணி சேரும் இடுக்கு வழியாக அவர் கழுத்துக்குள்ளேயே இறங்கியது. நான் சிரிக்கப் பார்த்து, அம்மா கண்ணைக் காட்டியதால் அடக்கிக்கொண்டேன். அப்பாவின் முகம் இறுகியிருந்தது.

“யாரும் துணியத் தொடக் கூடாது, ஆமா. தொட்ட எடத்துல எல்லாம் ஒழுகும்” என்றார்.

தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அந்த வழியே போன மீன்காரம்மா ஒருத்தி குனிந்து எட்டிப் பார்த்தாள். “ஏம்மா, பச்சப்பிள்ளையள வச்சிக்கிட்டு இங்கன என்ன செய்யுதிய? கோயில் பக்கம் வாங்க. மேல ஓடாவது இருக்கு.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். “கொஞ்ச நேரம் பாப்போம்” என்றார் அவர். வீம்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவருக்குக் கரையில் இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது என்பது அன்று என் கணக்கிலேயே இல்லை.

அப்போதுதான் ஷீபா விரலைத் தூக்கிக் கூரைத்துணியைத் தொட்டாள். தாழ்ந்து தொங்கிய இடம். அவள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததால் எட்டிவிட்டது. அப்பா சொன்னது போலவே அந்த இடத்தில் தண்ணீர் கசிந்து, திரண்டு, சொட்டியது. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது. நானும் அம்மாவும் அப்பாவைத்தான் பார்த்தோம்.

அப்பா அந்தச் சொட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தன் விரலைத் தூக்கி, அதற்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றே ஒரு குத்துக் குத்தினார். அங்கேயும் ஒழுகியது.

“போச்சு! என்னோடதும் ஒழுகுது” என்றார்.

ஷீபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னோர் இடத்தைத் தொட்டாள். அவரும் தொட்டார். “நல்லாத்தான் இருக்கு, ரெண்டு பேருக்கும்” என்று அம்மா சட்டியை இழுத்து நடுவில் வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அப்புறம் அப்பா, சொட்டு விழும் இடத்தில் விரலை வைத்து, துணியை விட்டு எடுக்காமல் சரிவோடு மெதுவாக ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனார். சொட்டு நின்றது. தண்ணீர் அவர் விரல் போன ஈரத்தடத்திலேயே வழிந்து, பக்கச் சுவர் வழியாக மணலில் இறங்கியது. ஷீபா வாயைத் திறந்து பார்த்தாள். தன் விரலை அவர் விரல் மேல் வைத்து, “இங்கன? இங்கன?” என்று கேட்டபடி அவளும் கூடவே இழுத்தாள். ஒவ்வொரு ஒழுகலாக இருவரும் ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். எல்லாம் நிற்கவில்லை. இரண்டு மூன்று இடங்களில் சட்டிக்குள் விழுந்துகொண்டேதான் இருந்தது.

மழை குறைந்தபோது அவள் அவர் மடியில் தூங்கிப்போயிருந்தாள். அவருடைய இடது தோளில் ஒரு சொட்டு விடாமல் விழுந்துகொண்டிருந்தது. “தள்ளி உக்காருங்களேன்” என்று அம்மா மெல்லச் சொன்னாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். வெயில் அடிக்கும் வரை அசையவே இல்லை.

மறுநாள் ஜீப்பில் திரும்பும்போது, “எப்பா, இந்த டென்ட்ட நம்ம வீட்லயும் கட்டுவியா?” என்று ஷீபா கேட்டாள், ஏதோ பிறந்ததிலிருந்தே அப்படிக் கூப்பிட்டு வந்தவள் மாதிரி. அம்மா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா கியர் மாற்றினார், எதிரே ஒன்றும் இல்லாமலே ஹாரன் அடித்தார், பிறகுதான் “கட்டுவோம்” என்றார்.

ஜனவரியில் கப்பலுக்குப் போனார். அதுதான் கடைசித் தடவை. திரும்பி வந்ததும் தூத்துக்குடியில் கரை வேலை ஒன்றைத் தேடிக்கொண்டார்.

மாமாவின் பட்டறை இன்று இல்லை. டிரெய்லர் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போனது. நாங்கள் தங்கிய மணல்மேட்டை இப்போது அடையாளம் காண முடியாது. அம்மாவும் போய்விட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு ஷீபா தன் பிள்ளைகளோடு வந்திருந்தபோது, அன்றும் மழை பிடித்துக்கொள்ள, நான் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். அவளுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. டென்ட்டும் இல்லை, ஒழுகலும் இல்லை. யாருக்காக அப்பா அந்த மழையில் உட்கார்ந்திருந்தாரோ, அவளிடம் அந்த நாளே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எக்கா, அப்பா கப்பலுக்குப் போனதே எனக்கு ஞாபகம் இல்ல. அவிய எப்பவும் வீட்லயே இருந்த மாதிரில்லா இருக்கு.”