பாதியில் தொடங்கிய இத்தா

தொண்டியில் காலிதாவுக்குப் புருஷன் சதக் மௌத்தான சேதி வந்து சேர்ந்தபோது, அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கொரோனாவின் முதல் வருஷம் அது. வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போன மனுஷன், நோன்பு மாதத்தின் நடுவில் போய்விட்டார். இங்கே தெரிந்ததோ பெருநாள் எல்லாம் கழிந்து, ஆடிக்காற்று அடிக்கிற நாளில். ஒரு போன் போட அந்தக் கம்பெனிக்காரனுக்கு இரண்டு மாதம் பிடித்திருக்கிறது, பாருங்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏழையின் சாவு கூட ஏறாது போலிருக்கிறது.

புருஷன் போனால் நான்கு மாதம் பத்து நாள் பெண்சாதி இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்தி, நகை பூ எல்லாம் விட்டு, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கிற துக்கக்காலம் அது. கணக்கு மௌத்தான நாளிலிருந்துதான், சேதி தெரிந்த நாளிலிருந்து அல்ல. பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் போனில் அப்படித்தான் சொன்னார். மாமியார் உம்மு ஹபீபா அழுது அழுது தொண்டை கட்டிப்போய் வந்து மருமகளிடம் சொன்னார்.

"உனக்குப் பாதி இத்தா கழிஞ்சு போச்சாம்மா."

"சரி மாமி," என்றாள் காலிதா.

நல்ல கணக்கு! கழிந்துபோன அந்தப் பாதியில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? பெருநாளுக்குக் கை நிறைய மருதாணி வைத்து, பச்சைச் சேலை கட்டி, போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "நல்லாருக்கு" என்று பதில்கூட வந்தது. எழுதியது அவர் இல்லை. ஆதில்.

ஆதில் இதே தொண்டிக்காரன், அவருடைய அறைத்தோழன். அவரைக் 'காக்கா' என்று அண்ணனாகவும் இவளை 'ராத்தா' என்று அக்காவாகவும் கூப்பிடுகிறவன். மூன்றடுக்குக் கட்டிலில் சதக் கீழே, அவன் நடுவில். அந்த அறையில் பன்னிரண்டு பேர்; அந்த மாடிக்கே ஒரு குழாய். சுவரில் மட்டும் 'தள்ளி நில்' என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்களாம். எங்கே தள்ளி நிற்பது, கூரையிலா? அதே வாரம் அதே காய்ச்சல் அவர்கள் இன்ஜினியருக்கும் வந்தது. அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைத்தது. தேறி வந்து கேக் வெட்டினார். சதக்கை ஊருக்கு வெளியே ஏதோ ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். போன், துணிமணி எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் போனை ஆதிலிடம் கொடுத்து, "காலிதாகிட்ட சொல்லிராதலே, பயந்துருவா. நான் வர்ற வரைக்கும் நீ ஏதாச்சும் பதில் போட்டுக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவனும் இன்று வருவார் நாளை வருவார் என்று "சரி", "சாப்டேன்", "நெட் சரியில்ல" என்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசியில் மௌத்தாகிவிட்டார் என்கிற காகிதம்தான் வந்தது. இதையெல்லாம் உம்மு ஹபீபாவிடம் போனில் ஒருமுறை அழுது சொன்னவன், அப்புறம் காலிதா எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

காலிதா அழவில்லை. ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? பிள்ளை குட்டி இருந்தால் அழுதிருப்பாள் என்றாள் ஒருத்தி. கல்நெஞ்சுக்காரி என்றாள் இன்னொருத்தி. கல் என்றால்கூட வெயிலில் சுடும். இவளுக்கு எதுவுமே படவில்லை. குளிக்கச் சொன்னால் குளித்தாள். தட்டு வைத்தால் தின்றாள், குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே.

வீடுவீடாகக் காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸம்மா அவள் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டிவிட்டு, "வாசனை, ருசி தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியல."

அவ்வளவுதான், தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. மூக்கில் குச்சி விட்டு எடுத்துப்போனார்கள். கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. "ஒன்னும் இல்லம்மா, நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா அடுத்த வீட்டுக்குப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஒற்றை ஆள், நூறு வீடு. அப்படியானால் இவளுக்கு ருசி எங்கே போனது என்று கேட்க மட்டும் ஆள் இல்லை.

அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். போனை எடுத்து அவர் பெயரில் வந்த பதில்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்ப்பாள். எதுவரை அவர்? எதிலிருந்து ஆதில்? எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவரும் சரி, சாப்டேன் என்கிற ஆள்தான்.

"மாமி, அவுக கடைசியாச் சொன்னது எதுன்னு தெரிஞ்சாப் போதும்."

"தெரிஞ்சு என்னம்மா செய்யப்போற?"

"எங்கன இருந்து அழுகணும்னு தெரியல மாமி."

உம்மு ஹபீபா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

விமானம் விட்டதும் ஆதில் ஊர் வந்தான். தனிமை நாட்கள் முடிந்து, காலிதாவின் இத்தா முடிய இருந்த வாரத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்தான். அவள் வெளியே வரக்கூடாதே; அறைக்கதவுக்குப் பின்னால் நின்றாள். அவன் முன்கட்டில் தலை கவிழ்ந்து உட்கார்ந்தான். உம்மு ஹபீபா நடுவில்.

"ஆதிலு, உன்னையத் திட்டக் கூப்பிடல," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "அவுக கையால கடைசியா எழுதுனது எது? அதை மட்டும் சொல்லு."

அவன் யோசிக்கவே இல்லை.

"நோம்பு தொறக்க மீன் ஆணம் ஆக்குனீகள்ல ராத்தா, போட்டோ அனுப்புனீக. அதைப் பாத்துட்டு 'என்ன மீனு'ன்னு கேட்டிருந்தாரு. அதுதான்."

கதவுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அன்றைக்கு வேலை மும்முரத்தில் அவர் கேட்டதைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில்தான் பார்த்துவிட்டு, "சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்து தின்னு பாத்துத் தெரிஞ்சுக்கிருங்க" என்று சிரித்துக்கொண்டே குரல் அனுப்பினாள். "சரி" என்று பதில் வந்தது.

"அவுக நான் பேசினதைக் கேட்டாகளா?"

"இல்ல ராத்தா. விடியுறதுக்கு முன்னாடியே ஆம்புலன்ஸ் வந்துருச்சு. ஏறுறப்ப மூச்சு வாங்குது, அப்பவும் திரும்பி, 'ஏலே, என்ன மீனுன்னு சொன்னாளா'ன்னு கேட்டாரு." ஆதில் முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டான். "இன்னும் சொல்லல காக்கான்னேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"நகரை."

"என்னம்மா?" என்றார் உம்மு ஹபீபா.

"நகரை மீனு மாமி. அவுகளுக்குப் பிடிக்குமேன்னு வாங்குனேன். நகரைன்னு ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாம்ல மாமி. நகரைன்னு..."

கதவோடு சரிந்து உட்கார்ந்து அவள் கதறிய கதறல் தெருமுனை வரை கேட்டது. ஆதில் பதறி எழுந்தான். உம்மு ஹபீபா அவன் தோளைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.

"நீ போயிட்டு வா வாப்பா. அவ அழுகட்டும்."