மனப்பாடமான வயிறு

"டாக்டரம்மா, வயித்துக்கு இஸ்திரி போடாதீங்க, கொஞ்சம் அழுத்திப் பாருங்க" என்றார், சட்டையை நெஞ்சுவரை சுருட்டிக்கொண்டு மல்லாந்திருந்த முன்பதிவு கவுன்டர் குமாஸ்தா. "அது பித்தப்பை இல்லைங்க, குடல். பித்தப்பை பக்கத்து வீடு."

ஸ்கேன் துறையில் அவருக்குப் 'புஸ்தகம்' என்று பேர். புதிதாகச் சேரும் பயிற்சி டாக்டர்களுக்குக் கை பழக ஒரு வயிறு வேண்டும். நோயாளியின் வயிற்றில் அப்படித் தடவித் தடவித் தேடினால், அவர் எழுந்து நேரே உயில் எழுதப் போய்விடுவார். புஸ்தகம் பயப்பட மாட்டார். ஒல்லி உடம்பு, தொப்பை கிடையாது, படம் கண்ணாடி மாதிரி விழும். வாரத்தில் இரண்டு நாள், கவுன்டர் திறப்பதற்கு முன்னால், வெறும் வயிற்றோடு வந்து படுப்பார். பதினான்கு வருஷமாக இப்படி. அந்த நாட்களில் கவுன்டரில் அவரிடம் மாட்டுகிறவர்கள்தான் பாவம். பசியில் எரிந்து விழுவார்.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் படம் பார்த்துச் சொல்லும் நிபுணர்கள் பலர் முதன்முதலில் கண்டுபிடித்த கல்லீரல் இவருடையது. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், அவர்கள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வார்கள். இதில் அவருக்கு ஏகப் பெருமை. வீட்டுக்காரம்மாவுக்குத்தான் ஆற்றாமை: "இருபது வருஷமா குடித்தனம் பண்றேன். எனக்குக் காட்டாத ஈரலை ஊருக்கே காட்டிட்டு வர்றாரு."

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த முதலாண்டுப் பெண் மெதுவானவர். மற்றவர்கள் இருபது நிமிடத்தில் முடிப்பதற்கு முக்கால் மணி எடுத்துக்கொள்வார். "நாளைக்கும் இப்படின்னா, மூணு மாசம் பின்னால நின்னு வேடிக்கைதான் பார்க்கணும்" என்று முந்தைய நாள் துறைத்தலைவி சொல்லியிருந்தார்.

புஸ்தகம் தன்னாலான உதவியைச் செய்தார். "கணையம்தானே? ஈரல் ஓரமா இறங்குங்க. ஒரு வாய் தண்ணி குடிக்கட்டுமா? பளிச்சுனு தெரியும்."

பதினெட்டாவது நிமிடத்தில் இடது சிறுநீரகம்தான் பாக்கி. ஒரு எட்டு பார்த்துவிட்டு எழுந்தால் தேர்ச்சி. எல்லோரும் அப்படித்தான் எழுந்திருக்கிறார்கள். அதன் மேல்முனை விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒரு குறையும் இல்லை என்று துறையே அறிந்த வயிற்றில் அதைப் போய்த் தேடுவானேன்?

"சார், கொஞ்சம் வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்களேன்."

"நேரம் ஓடுதும்மா!"

"பரவாயில்ல சார்."

கருவி விலா இடுக்கில் ஊர்ந்து நின்றது. பெண் திரையை லேசாகத் திருப்பினார். புஸ்தகத்துக்குப் படம் படிக்கத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடமிருந்து திரையை மறைத்ததில்லை.

துறைத்தலைவி உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு நிமிஷம். இன்னுமா முடியல?"

"மேடம், இடது கிட்னி மேல கட்டி மாதிரி ஒண்ணு..."

"இந்த வயித்துலயா? நான் படிச்சதே இதுலதாம்மா, எனக்கு மனப்பாடம். அது கட்டியில்ல, பக்கத்துல இருக்கிற மண்ணீரல் புடைச்சுக்கிட்டுத் தெரியும். துடைச்சுவிடு, கவுன்டர்ல கூட்டம் நிக்குது."

"சரிங்க மேடம்." பெண் கருவியை மாட்டிவிட்டு, வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைக்கக் காகிதத்தைக் கிழித்தார்.

புஸ்தகம் எழுந்திருக்கவில்லை. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விலாவை விரித்துக்கொண்டு கிடந்தார். "கூட்டம் நிக்கட்டும் மேடம். நீங்க மனப்பாடம் பண்ணது பழைய வயிறு. எனக்கும் வயசாகுதில்ல? ஒரு தடவை பாருங்க."

துறைத்தலைவி அலுப்போடு உட்கார்ந்தார். கருவியை வைத்த பத்தாவது விநாடியில் முகத்தில் அலுப்பைக் காணோம்.

"ரெண்டு சென்டிமீட்டர்" என்றார், குரல் இறங்கி. "போன மாசம்கூடப் பார்த்தேன். இந்தப் பக்கம் நான் வரவே இல்லை." கருவியை எடுத்துவிட்டு, "சி.டி. ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். சின்னதா, ஒரே இடத்துலதான் இருக்கு. கட்டியை மட்டும் எடுத்துட்டு, கிட்னியை உங்களுக்கே விட்டுடுவாங்க."

"எனக்கேவா? வீட்டுல நம்பமாட்டா மேடம். அதையும் யாருக்கோ குடுத்துட்டேன்னுதான் நினைப்பா." சிரிக்கப் பார்த்தார்.

துறைத்தலைவி கதவைத் திறந்து மற்ற பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டார். ஆறு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "எல்லாரும் கவனிங்க, நான் காட்டறேன்" என்று கருவியை மறுபடி விலாவுக்குக் கொண்டுபோனார்.

ஒரு குமாஸ்தா துறைத்தலைவியின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியதை அந்த அறை அதற்குமுன் கண்டதில்லை. அவர் கையிலிருந்து கருவியை மெல்ல வாங்கிய புஸ்தகம், ஆறு பேருக்கும் பின்னால் சுவரோரம் ஒதுங்கியிருந்த பெண்ணின் பக்கம் நீட்டினார். அவர் வந்து வாங்கும்வரை கையை மடக்கவில்லை.