ட்ரிப் சுவிட்சை விட்டுடுங்க

ரிஸானாவின் வலக்கை விரல்கள் மடங்காமல் போனதற்கு நான்தான் காரணம். அவள் கணவன் அல்ல, ஈரத்தரையும் அல்ல... நான்!

பிலிமத்தலாவையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். கம்பியூட்டர் எனக்குப் பொழுதுபோக்கு. வாட்ஸ்அப் குழுவொன்றில் யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். முறையாகப் படித்தவன் இல்லை. ஆனாலும் "அண்ணன்னா அண்ணன்தான்!" என்று அவர்கள் எழுதும்போது உச்சி குளிர்ந்துவிடும். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

மடவளையில் வீட்டிலிருந்தே கல்யாணக் கார்ட் வடிவமைப்பவள் ரிஸானா. பழைய கம்பியூட்டர் ஒன்று வாங்கியிருந்தாள். அதைப் போட்டாலே வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று குழுவில் கேட்டாள். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து உயிரைக் காப்பது அந்தச் சுவிட்ச்.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டே குரல் பதிவு அனுப்பினேன். "ட்ரிப் சுவிட்ச விட்டுடுங்க தங்கச்சி. கம்பியூட்டர்லதான் கோளாறு, பவர் சப்ளைய மாத்துங்க."

அதில் கை வைக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவளுக்கு எப்படிக் கேட்டது தெரியுமா உங்களுக்கு?

மறுநாள் எழுதினாள்: "அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே ட்ரிப் சுவிட்ச விட்டுட்டு இவர் லைன நேரா குடுத்துட்டார். இப்ப விழுறதே இல்ல. பவர் சப்ளைய பொறகு மாத்துறோம். அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும்!"

ஐயோ! கசிவு அப்படியே இருக்கிறது, காவலை மட்டும் கழற்றிவிட்டார்கள்! எல்லாம் எனக்கு விளங்கியது. "உடனே நிறுத்துங்க" என்று தட்டச்சு செய்யவும் தொடங்கினேன்.

அதற்குள் குழு முழுக்கப் பாராட்டு. இத்தனை பேர் முன்னால் நான் சொன்னது பிழை என்பதா? எழுதியதை அழித்தேன். கட்டைவிரல் படமொன்றைப் போட்டேன். தனியாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... சொல்லவில்லை!

அடுத்த வாரம், கழுவிய ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அந்தக் கம்பியூட்டர் பெட்டியைத் தொட்டிருக்கிறாள். கை ஒட்டிக்கொண்டது. கணவர் மரக் கதிரையால் தள்ளித்தான் விடுவித்தாராம். உயிர் தப்பியது. கை கருகிவிட்டது.



ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளே குழுவில் எழுதினாள், இடக்கையால், எழுத்துப்பிழைகளோடு. "அண்ணா, ஒங்கட வொய்ஸ திரும்ப கேட்டன். நாங்கதான் பிழையா விளங்கியிருக்கம். ஒங்கள யாரும் குறை சொல்லக் கூடா. மன்னிச்சுக்கொள்ளுங்க."

என்னிடம்... அவள்... மன்னிப்பு!

அப்போதாவது உண்மையைச் சொன்னேன் என்று நினைக்கிறீர்களா?

"பரவாயில்ல தங்கச்சி" என்று அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல்கள் விழுந்தன. அவளும் ஒன்று போட்டிருந்தாள்.