ஒலிவின் கல்லும் அக்கா வராத வீடும்

எஸ்டேட் பள்ளி நண்பர்களுக்கு… சொல்ல வந்தது சிதறிவிடக் கூடாது என்று முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. பூமிக்கு அடியிலுள்ள கல் குளிரில் எப்படி நெளிகிறது.
2. அதை அளந்த நாட்களில் நான் எதைக் கழித்தேன்.
3. அக்கா கோபத்தில் பேசி, என்னோடு வர மறுத்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் எப்போதும் இயந்திர எண்ணெய் வாசனை. கோலாலம்பூரில் என் முதல் வேலை. மிளகளவு பச்சைக் கல்லை அழுத்தி, அது எவ்வளவு நெளிகிறது என்று அளக்க வேண்டும். ஒலிவின் என்று பெயர். பூமியின் மேலோட்டுக்குக் கீழே பெரும்பகுதி அதுதான்.

நல்ல சூட்டில் அது மெல்ல ஒழுகும். குளிரில் உடையும். (அந்த ஆழத்துக் கணக்கில் நம் அடுப்புச் சூடுகூடக் குளிர்தான்.) ஆனால் சுற்றிலும் இறுக்கிப் பிடித்து, உடைய இடம் கொடுக்காமல் அழுத்தினால், குளிரிலும் நெளியும். நெளிய நெளியக் கடினமாகும்… சரியாக விளக்குகிறேனா தெரியவில்லை.

சுமையை எடுத்ததும் எந்தக் கல்லும் சட்டென்று கொஞ்சம் எழும். அது இயல்பு. இந்தக் கல் அதன் பிறகும் மெதுவாக எழுந்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் தளர்ச்சி என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் அளவிலிருந்து அதைக் கழித்துவிட்டேன். கல்லுக்குள்ளேயே தேங்கிய அழுத்தம் திருப்பித் தள்ளுகிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன்.

என் படிப்பு அக்காவின் சம்பளம். அப்பா தவறியதும் பள்ளிக்கூடத்தை விட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனவள். லீவில் வந்தால் எங்கள் மலையூரான தானா ராத்தாவின் பஸ் நிலையத்தில் நிற்பாள். "கல்லு ஒடஞ்சிச்சா தம்பி, இல்ல நீதான் ஒடஞ்சியா?" என்று சிரிப்பாள்.

போன வருடம் அவளுக்கு வேலை முடிந்தது. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் வீட்டின் பின்னறையைச் சுத்தம் செய்து, புதுக் கட்டில் போட்டு, கூட்டிவரப் போனேன். கடைசிக் காலத்தில் இருவரும் ஒன்றாக இருப்போம் என்ற ஒரே ஆசை எனக்கு.

"நான் வரல லா," என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"எனக்கும் படிக்கப் புடிக்கும் தம்பி. அப்ப யாரும் கேக்கல. பெரிய படிப்பு படிச்ச பொறவு நீயாச்சும் கேப்பேன்னு பாத்தேன். இத்தன வருசமா கல்லப் பத்திதான் பேசுன. ஒன் பின்னறையில வந்து இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

 காரைக் காலியாகவே ஓட்டிவந்தேன்.

இப்போது பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில், பூ விற்கும் ஒரு சிநேகிதியோடு அறை எடுத்து, அவள் கடையிலேயே வேலையும் பார்க்கிறாள். அன்று எனக்காக பஸ் நிலையத்தில் காத்து நின்றவள்… இன்று நான் போனால், பூ வாங்க வந்தவர்கள் போகட்டும், ஓரமாக நில் என்கிறாள். நிற்கிறேன்.

மூன்றாவது குறிப்பில் கோபத்தில் என்று எழுதியது தவறு. அக்கா கோபப்படவில்லை. எனக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டேதான் அத்தனையும் சொன்னாள்.