உள்ளே இருந்த சுவர்

இரண்டாவது முறை ரத்தம் கண்டபோது நான் கட்டிலில்தான் படுத்திருந்தேன். முதல் கரு கலைந்ததற்கு, பேச்சிப்பாறை மலைச்சரிவில் ரப்பர் பால் வெட்டப் போனதுதான் காரணம் என்றார்கள். ஆகவே இம்முறை மாமியார் என்னை வேலைக்கு விடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திப் படுக்க வைத்தார். அப்படியும் கலைந்தது. பழி போட மலை இல்லை என்று ஆனதும் வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்பு எடுத்த சாதாரண ஸ்கேனில் இரட்டைக்கொம்புக் கருப்பை என்று எழுதி, ஒன்றும் செய்வதற்கில்லை என்றிருந்தார்கள். நாகர்கோவிலில் ஒரு பெண் மருத்துவர் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"இரட்டைக்கொம்புன்னா வெளியேயும் பிளந்திருக்கும். உங்களுக்கு வெளிய ஒழுங்காத்தான் இருக்கு. உள்ள நடுவுலதான் ஒரு சுவரு."

இதற்குத் தடுப்புக் கருப்பை (நடுச்சுவர் கரையாமல் தங்கிய கருப்பை) என்று பெயர். தாய் வயிற்றில் பெண் சிசு வளரும்போது இரண்டு குழாய்கள் இணைந்து கருப்பை ஆகும். நடுவிலுள்ள சுவர் பிறகு கரைந்துவிடும். எனக்குக் கரையவில்லை. சிலருக்கு இதனுடன் சிறுநீரகத்திலும் மாற்றம் இருக்குமாம். அதையும் பார்த்தார்கள், சரியாக இருந்தது.

"நான் மலையேறினதாலயா டாக்டர்?"

"இல்ல மக்கா. நீங்க பிறக்கதுக்கு முன்னாலயே உள்ள சுவரு இது."

அங்கேயே அழுதுவிட்டேன். வீட்டில் சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி வரும் என்று நம்பினேன். மாமியார் வேறு கணக்குப் போட்டார்.

"அப்போ பிறவிக் கொறை. உங்க வீட்டுல தெரிஞ்சே மறைச்சு எங்க தலையில கெட்டி வச்சாவளா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதந்தோறும் ஒழுங்காகத் தூரமாகும் மகளின் வயிற்றுக்குள் சுவர் இருப்பதை என் அம்மா எந்தக் கண்ணால் பார்ப்பாள்? நான் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அவளுக்கே தெரியாதும்மா. இந்தப் பேச்ச இனி எடுக்காதீங்க." அவர் அன்று சும்மா இருந்திருந்தால் நான் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்.

கருப்பை உள்நோக்கி (பிறப்புறுப்பு வழியாகச் செலுத்தும் விளக்குக் குழாய்) கொண்டு சுவரை வெட்டினார்கள். வயிற்றில் தழும்பில்லை. எல்லாருக்கும் இந்தச் சிகிச்சை தேவைப்படாது. வெட்டினால் குழந்தை தங்கிவிடும் என்றும் மருத்துவர் உறுதி தரவில்லை. என்னைப் போல மறுபடி மறுபடி இழந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்களையே திட்டிக்கொள்வதற்கு முன், கருப்பையின் வடிவத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது மறுபடி கருவுற்றிருக்கிறேன். முன்பு இரண்டு கருவும் கலைந்த மாதத்தைத் தாண்டிவிட்டேன். ஆனாலும் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் துணியைப் பார்க்கிறேன். அடுத்த மாதம் என்று எதையும் யோசிப்பதில்லை. விடிந்தால் அந்தி வரைக்கும்தான் எனக்குக் காலம். குழந்தை அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம்.

நேற்று கணவர், என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார்.

"முதல்ல வரட்டு" என்றேன்.